முழுப் பெஞ்சு

அன்புத் தம்பி சுந்தரத்துக்கு,

நீ உயிரோடு இருந்திருந்தால் இந்த வாரம் என்னோடு பேசியிருக்க மாட்டாய். அப்படி ஒரு காரியம் செய்திருக்கிறேன்.

மலைக்காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய் ஒரு வருஷம் ஆகிறது. சுருளிப்பட்டிக்கு அப்பால் அந்தச் சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு நீ யோசித்துச் செய்த ஆணியில்லாத பெஞ்சைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். மாம்பலகையை இழைத்துத் துளையிட மேலத்தெருவுக்குக் கற்றுக்கொடுத்தாய். கால் செதுக்கி ஆப்பு அடிக்கக் கீழத்தெருவுக்கு. அதுவரை வாசலோரம் தரையில் உட்கார்ந்த கீழத்தெருப் பிள்ளைகள் அதில் எல்லாரோடும் உட்கார்ந்தார்கள். ஒரு தெரு இல்லாமல் மற்றதற்குப் பெஞ்சு இல்லை என்பது உன் கணக்கு.

"ரெண்டு தெருவுக்கும் முழு வேலையும் சொல்லிக்கொடேன்" என்று அப்போதே கேட்டேன்.

"முழுசும் தெரிஞ்சா ஆளுக்கொண்ணு தனியாச் செஞ்சுக்கிருவாகக்கா."

"தெரியாம வச்சுச் சேக்குறது ஒரு சேர்க்கையாடா?"

நீ பெஞ்சின் ஒரு காலை என் கையில் திணித்து, "ஆட்டாமப் பிடி" என்றாய். ஒவ்வொரு பொருத்தையும் என் வீட்டில்தானே முதலில் செய்து பார்த்தாய்? உனக்குப் பிறகு முழுப் பெஞ்சும் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

கோடை விடுமுறை முடிந்ததும் மேலத்தெரு முத்தையா வந்து ஆப்புகளைத் தட்டி எடுத்தார். "சொன்னவுக போயிட்டாக. எங்க பலகை எங்களுக்கு" என்று தூக்கிக்கொண்டு போனார். கம்பத்து ஆசாரியிடம் காசு கொடுத்துக் கால் வாங்கி மாட்டி, தம் தெருப் பிள்ளைகளுக்கு மட்டும் போட்டார். பாதி வேலை தெரியாதவன் மறுபாதியை விலைக்கு வாங்கிவிடலாம் என்பது உனக்கு ஏன் தோன்றவில்லை? கீழத்தெருவுக்குக் கால்கள்தான் மிச்சம். பிள்ளைகள் மறுபடியும் தரையில்.

அந்தக் கால்களைச் செதுக்கிய செல்லம்மா என்னைப் பார்த்ததும் கேட்டாள்: "இத வச்சு என்ன செய்ய டீச்சரம்மா? பிள்ளைக தலையில நட்டு வைக்கவா?"

ஞாயிறுதோறும் பெரியகுளத்திலிருந்து கரியில் ஓடும் பஸ் ஏறினேன். அங்கன போய், நீ சொல்லித்தராத பாதியைக் கீழத்தெருவுக்குச் சொல்லித்தந்தேன். முதல் பலகையில் துளை பெரிதாகிக் கால் லொடலொடத்தது. "பல்லு விழுந்த வாயாட்டம் இருக்கே!" என்று செல்லம்மாவே சிரித்து, வேறு பலகை எடுத்தாள். இனி இரண்டு பெஞ்சு, இரண்டு உலகம் என்றுதான் நான் நினைத்தேன். நீ சொன்னதே நடக்கும் என்று பயந்துகொண்டேதான் கற்றுக்கொடுத்தேன்.

திங்கட்கிழமை புதுப் பெஞ்சைப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்; என் வேலைக்கு லீவு போட்டுவிட்டு நானும் கூடப் போனேன். பெஞ்சைப் பின்னால் போடும்படி வாத்தியார் சொன்னார்.

"எங்க கையால முழுசாச் செஞ்சது சாமி. முன்னாலதான் கெடக்கும்" என்றாள் செல்லம்மா. பெஞ்சைப் பிடித்த கையை விடவில்லை. வாத்தியார் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கீழத்தெருப் பிள்ளைகள் அதில் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் முத்தையாவின் மகள் வள்ளி தன் பெஞ்சை விட்டு எழுந்து வந்து, செல்லம்மாவின் மகள் முன்னால் நின்றாள். "தள்ளி உக்காருடி" என்றாள். ஒரு வருஷத்துக்கு மேல் பக்கத்தில் உட்கார்ந்த பழக்கம். அந்தப் பழக்கம் நீ போட்ட பெஞ்சில் வந்தது, சுந்தரம். அதை நான் மறுக்கவில்லை.

அந்தப் பெண் தாயைப் பார்த்தாள்.

"எடம் விடு ஆத்தா" என்றாள் செல்லம்மா. "நம்ம பெஞ்சுக்கு வந்த பிள்ளை."

நேற்றுவரை இடம் கேட்டு நின்றவர்கள் அவர்கள். இன்று இடம் கொடுக்கிறார்கள். நாளைக்கே முத்தையா வந்து மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகலாம். தெரியவில்லை. ஆனால் இந்தப் பெஞ்சின் பலகையை யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது. போனால் இன்னொன்று இழைத்துக்கொள்வார்கள்.

முத்தையா வாங்கிய கால் இப்போதே ஆடுகிறதாம். கேட்டால் அவருக்கும் செதுக்கச் சொல்லித்தருவேன். ஆனால் இனி எந்த ஊரிலும், எந்தத் தெருவிலும், யாருக்கும் பாதி வேலை கற்றுத்தர மாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு. கோபம் இருந்தால் வைத்துக்கொள். நான் உன்னிடம் வந்து சேரும் நாளில் கேட்டுக்கொள்கிறேன்.

நீ பிடிக்கச் சொன்ன காலை இன்னும் ஆடாமல் பிடித்திருக்கும்
உன் அக்கா,
மீனாட்சி