தறிச் சத்தமும் தேர்வு அறையும்

புரட்டாசி, வியாழன் இரவு

மகள் செல்விக்கு ஆட்டிசம். திங்கட்கிழமை தேர்வு எழுதத் தனி அறை கேட்டு, டாக்டர் சான்றிதழோடு மதுரையில் அவள் கல்லூரிக்குப் போனேன். முதல்வர் சிரித்தார்.

"அருப்புக்கோட்டையில தறிச் சத்தத்துல வளந்த புள்ளைக்குப் பரீட்சை ஹால் சத்தம் ஆகாதாக்கும்?"

"தறி ஒரே தாளத்துல அடிக்கும் சார். நாற்காலி எப்பக் கிறீச்சிடும்னு யாருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும் ஒரே ரூல்தான், பெரியவரே."

"அப்ப முடியாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

பேனாவை மூடி வைத்துவிட்டார். பள்ளிக்கூடம் போகாதவன் என்றாலும் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தை நானே எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறேன். அவள் கேட்பது சலுகை இல்லை.

"விட்ருங்கப்பா, நான் இனிமே படிக்கல" என்கிறாள் செல்வி. இதுவரை அவள் பேச்சை நான் தட்டியதில்லை. நாளை தட்டப் போகிறேன். முதல் பஸ்ஸில் போய் முதல்வர் அறை வாசலில் உட்காருவேன். எழுப்பிப் பார்க்கட்டும்.