ஐந்து மணிக்கு மேல் கிடைக்கும் ஆடுகளம்

காஞ்சிபுரம்
14-2-1973, புதன்கிழமை

ஸ்ரீ ஜினாய நம:

அன்பு மகள் தயாவதிக்கு,

அம்மா ஆசியுடன் எழுதுவது. நான் சுகம், நீயும் சுகமாக இருப்பாய் என்று இந்த இடத்தில் எழுதிப் பழக்கம். நீ சுகமாக இல்லை என்பதை நீயே எழுதியிருப்பதால் அந்த வரியை இந்த முறை விட்டுவிடுகிறேன். உன் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. நான்கு நாளாகப் பதிலை மனதுக்குள் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தேன். ஏரோகிராமில் அடங்காது என்று பள்ளிக்கூடத்துத் தாளில் எழுதுகிறேன். நீ அனுப்பிய போட்டோவை ரேடியோவின் மேல் சாய்த்து வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டு அங்கம்மாள் கையில் பட்டுநூலோடு வந்து அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இன்னாம்மா டீச்சர், பாப்பா இப்பிடி எளைச்சிப் போயி கீது? பக்கத்துல நம்ம நெறத்துல ஒரு பொண்ணு எவ்ளோ சோக்கா சிரிச்சிக்கினு நிக்குது, இது மட்டும் ஏன் மொறைக்குது? சண்டையா?” என்றாள். அது தயாவின் தோழி லொரெய்ன், அவளும் அதே பந்தாட்டக் குழு என்று சொன்னேன். “பந்தாடறதுக்கா அவ்ளோ தூரம் போச்சி? நம்ம ஊர்ல பந்து இல்லியா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். உடற்பயிற்சிக் கல்வியில் எம்.ஏ. என்றால் அவளுக்கு மட்டுமல்ல, எங்கள் தலைமையாசிரியைக்கும் இன்னும் புரியவில்லை.

இங்கே புதிதாக ஒன்றுமில்லை. மின்வெட்டினால் சாயங்காலம் வீடு இருட்டாகவே இருக்கிறது. எனக்கு அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை, விளக்கு போட்டுப் பார்க்க யார் இருக்கிறார்கள். உன் அப்பா போன பிறகு இரண்டு பேருக்குச் சமைத்தேன், நீ போன பிறகு ஒருத்திக்கு. அந்தச் சின்னப் பித்தளைப் பாத்திரத்தில் எவ்வளவு குறைத்து அரிசி போட்டாலும் எனக்கு மிஞ்சிவிடுகிறது. பத்தாம் வகுப்புக்குச் சரித்திரம் எடுக்கும்போது மட்டும் வாய் பேசுகிறது. வீட்டுக்கு வந்த பிறகு மறுநாள் காலை பால்காரன் வரும்வரை பேச வேண்டிய தேவை இருப்பதில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, கேட்டிருந்தாய், எழுதுகிறேன். திருப்பருத்திக்குன்றத்துக் கோயிலுக்குப் போன வாரம் நடந்தே போய் வந்தேன். திரும்பும் வழியில் உன்னிடம் ஏதோ சொல்வதற்காகப் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். அவ்வளவுதான்.

உன் கடிதம் வந்தபோது மாகறலிலிருந்து உன் பெரியப்பா ரிஷபதாஸ் வந்திருந்தார். சனிக்கிழமைகளில் துவரம்பருப்போ எள்ளோ கொண்டுவந்து போட்டுவிட்டு, என் தம்பி மகள் என்ன எழுதியிருக்கிறாள் என்று உட்காருவார் அல்லவா. உறையைப் பிரித்து நான் அப்படியே அவருக்கு உரக்கப் படித்தேன், முன்னால் ஒரு தரம் மனதுக்குள் படித்துப் பார்த்திருக்க வேண்டும். கான்சாஸில் இரண்டு பெரிய பல்கலைக்கழகங்களுக்குள் கூடைப்பந்து என்றால் ஊரே இரண்டாகிவிடுகிறது, பெண் கொடுத்து எடுத்த வீடுகள்கூட அன்றைக்குப் பேசிக்கொள்வதில்லை என்று நீ எழுதியிருந்ததைக் கேட்டு, “வரதராஜப் பெருமாள் கோயில்ல வடகலையும் தென்கலையும் மாரின்னு சொல்லு. ஆனா அவுங்க நாப்பது நிமிசத்துல முடிச்சிக்கிறாங்க, இவுங்க நாமம் போடற கேசு எங்க தாத்தா காலத்துலருந்து முடியல” என்று விழுந்து விழுந்து சிரித்தார். லொரெய்ன் உன்னைத் தன் ஊரான டொபீகாவுக்கு அழைத்துப் போய் அந்தச் செங்கல் பள்ளிக்கூடத்தைக் காட்டியதையும் படித்தேன். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி இருக்க, கறுப்புக் குழந்தைகள் மட்டும் ரயில் பாதையைத் தாண்டித் தூரத்துப் பள்ளிக்குப் போனார்கள், தகப்பன்மார் சேர்ந்து வழக்குப் போட்டார்கள், பிரித்து வைத்தாலே அது சமமில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது என்ற இடத்தில் பெரியப்பா கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். எந்த வருஷம் என்றார். ஐம்பத்துநான்கு என்றேன். அப்போது நீ நான்கு வயதுக் குழந்தை.

அதற்கு அடுத்த பத்தியில்தான் நான் நின்றுவிட்டேன். “ஏம்மா நிறுத்திட்ட, படி” என்றார். படித்தேன். விளக்கு வைத்த பிறகு வாயில் ஒன்றும் போடாத ஜைன வீடு நம்முடையது. இங்கே சூரியன் வருஷம் முழுவதும் ஆறு மணியை ஒட்டியே இறங்குவதால் நம் வாயில் அது ‘ஆறுக்குள்’ என்றே பழகிவிட்டது. அந்த ஆறை நீ அப்படியே கடல் தாண்டி எடுத்துப் போயிருக்கிறாய். நீ போய் இறங்கிய ஆகஸ்டில் அங்கே வெயில் எட்டு மணி வரை அடித்ததாம், நீ ஆறு அடித்ததும் ஒரு பழம்கூடத் தொடாமல் பசியோடு படுத்திருக்கிறாய். நவம்பரில் ஐந்தரை மணிக்குக் கடிகாரத்தைப் பார்த்து நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாய். ஒரு நாள் நூலகத்திலிருந்து நேராக வந்து சாப்பாட்டுக்கூடத்தில் ஜன்னலோரம் தட்டோடு உட்கார்ந்தபோது வெளியே நட்சத்திரம் தெரிந்ததாம். ஒரு மாதமாக நான் இருட்டில் சாப்பிட்டிருக்கிறேன் அம்மா என்று எழுதியிருக்கிறாய். எனக்குச் சிரிப்பு வந்தது. நம் ஜனத்தைத் தவிர வேறு யாருக்கும் இப்படி ஒரு தவறு வராது. அன்றிலிருந்து ராத்திரிச் சாப்பாட்டையே விட்டுவிட்டாய் என்பதுதான் அதற்கு அடுத்த வரி. சாப்பாட்டுக்கூடம் திறப்பதே ஐந்து மணிக்கு, டிசம்பரில் பயிற்சி தொடங்கியதிலிருந்து பெண்கள் குழுவுக்கு ஆடுகளம் கிடைப்பதும் ஐந்து மணிக்கு. ஏழு மணிக்கு நீங்கள் வரும்போது கூடம் மூடிவிடுகிறது, மற்றப் பெண்கள் ஆறிப்போன ரொட்டியைத் தின்கிறார்கள், நீ மறுநாள் காலை வரை தண்ணீர். போன மாதம் பயிற்சியின்போது கண் இருட்டி உட்கார்ந்துவிட்டாய். இருட்டிய பிறகு சாப்பிட அனுமதி கொடு, இல்லாவிட்டால் குழுவை விட்டுவிடுகிறேன், அதுவும் வேண்டாமென்றால் வரச்சொல் என்று கேட்டிருக்கிறாய்.

பெரியப்பா கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்து வைத்தார். பிறகு, “சூரியனே நேரத்துக்கு நிக்காத ஊர்ல பொண்ணு இன்னா பண்ணும்? நீ படிச்சவ, நீதான் அனுப்புன, நீயே கூப்புட்டுக்கோம்மா. படிப்ப மெட்ராசுல முடிச்சிக்கட்டும்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஐந்தரைக்கு இலை போட்டேன். சாப்பிடும்போது வாசல் பக்கம் வெயிலைப் பார்த்துக்கொண்டே, “அங்க இப்ப மணி இன்னா?” என்று கேட்டார். விடியற்காலை ஆறு என்றேன். “அப்ப இனிமேதான் சாப்புடும்” என்று சொல்லி, மோர் விட்டுக்கொள்ளாமல் எழுந்துவிட்டார். பஸ்ஸுக்குப் போகும்போது வாசலில் நின்று, பந்து போடும் வளையம் எவ்வளவு உயரம் என்று கேட்டார். பத்தடி என்று நீ முன்பு எழுதியிருந்ததைச் சொன்னேன். நிலைப்படியை அண்ணாந்து பார்த்து, “இதுக்கு மேல இன்னும் அரை ஆள் ஒயரம்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனார்.

இந்த நான்கு நாளில் உன்னை வரச்சொல்லி மூன்று தரம் எழுதத் தொடங்கினேன். உண்மையைச் சொல்கிறேன், உன் பட்டினியை நினைத்து மட்டும் எழுதத் தொடங்கவில்லை. நீ வந்துவிட்டால் மாலையில் இந்த வீட்டில் இன்னொரு தட்டு இருக்கும் என்ற நினைப்பும் அதில் இருந்தது. பெரியப்பா சொன்னார், நான் எழுதினேன் என்று ஆகிவிடும், யாரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள், நீயும் சொல்ல மாட்டாய். அவ்வளவு சுலபமாக இருந்ததால்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. அங்கம்மாள் வீட்டில் தறி நின்றுவிட்டது, ஐந்தரை ஆகியிருக்கும். சாப்பிட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.

சாப்பிட்டாயிற்று. ரசமும் அவரைக்காயும். கொல்லைப்பக்கத்துப் படியில் வெளிச்சம் இருக்கும்போது உட்கார்ந்து சாப்பிட்டேன், தனியாக. தட்டைக் கழுவும்போதுதான் ஒரு பழைய விஷயம் நினைவு வந்தது. நான் சென்னையில் கல்லூரி விடுதியில் சேர்ந்தபோது எங்களில் மூன்று பேர் ஜைனப் பெண்கள். விடுதியில் ராத்திரிச் சாப்பாடு ஏழரைக்கு. மாலையில் பூப்பந்து ஆடிவிட்டு வந்து, நாங்கள் காலையில் எடுத்து வைத்த பொரியை இருட்டுமுன் தின்று படுத்துவிடுவோம். அதை விரதம் என்றே நினைத்திருந்தோம், கொஞ்சம் பெருமையும் இருந்தது. எங்கள் குழுவில் ஆடிய தில்லையம்மாள், சிதம்பரத்துப் பக்கத்துப் பெண், ஒரு நாள் எங்களைக் கேட்காமலே வார்டன் மிஸ் சாமுவேலிடம் போய், “இவங்க மூணு பேரும் பசியில பந்தை விடறாங்க மேடம், நாங்க தோக்கறோம், இவங்களுக்கு முன்னாடியே சோறு போடுங்க” என்று சொல்லிவிட்டாள். மிஸ் சாமுவேல் எங்களைக் கூப்பிட்டு, ஏன் இத்தனை நாள் என்னிடம் சொல்லவில்லை என்றுதான் கேட்டார். மறுநாள் முதல் ஐந்தரைக்குச் சோறு. எனக்கு அன்று நன்றியைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது. கேட்கலாம் என்பதே எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

உள்ளே வந்து உன் கடிதத்தை மறுபடி படித்தேன். நான்காவது பக்கத்தில், போகிற போக்கில், நீ ஒன்று எழுதியிருக்கிறாய். போன ஜூனில் அங்கே ஒரு சட்டம் வந்திருக்கிறது, அரசாங்கப் பணம் வாங்கும் கல்விக்கூடத்தில் பெண் என்பதற்காக எதிலிருந்தும் யாரையும் விலக்கக்கூடாது என்கிறது, அதைக் காட்டி எங்கள் குழுப் பெண்கள் ஆடுகளத்தைப் பகலில் கேட்டு மனுக் கொடுக்கப் போகிறார்கள், சட்டத்துக்கு விதிமுறைகள் இன்னும் எழுதப்படவில்லை என்று மேலிடத்தில் சொல்கிறார்கள், லொரெய்ன் என்னையும் கையெழுத்துப் போடச் சொன்னாள், நான் விருந்தாளிபோல வந்தவள் என்று போடவில்லை. இதை எழுதிவிட்டு உடனே அங்கே பெய்யும் பனியைப் பற்றி எழுதப் போய்விட்டாய்.

தயா, அந்த இடத்தை நான் எத்தனை தரம் படித்தேன் தெரியுமா. பகலெல்லாம் ஆண்பிள்ளைகள் ஆடுகிறார்கள், அவர்கள் குளித்துச் சாப்பிடப் போன பிறகு உங்களுக்கு. அதே தரை, அதே வளையம், அதே பந்து, நேரம் மட்டும் வேறு. டொபீகாவில் தூரத்துப் பள்ளியிலும் கட்டடம் நன்றாகத்தான் இருந்தது, வாத்தியார்களும் நன்றாகத்தான் இருந்தார்கள் என்று நீயே எழுதியிருக்கிறாய். அதையும் எழுதி இதையும் எழுதிய உனக்கு இரண்டும் ஒன்றென்று தெரியவில்லையா? இல்லை, தெரிந்தே என்னிடம் வந்தாயா, அம்மாவிடம் கேட்பது அவர்களிடம் கேட்பதைவிடச் சுலபம் என்று? இருட்டில் சாப்பிட என்னிடம் அனுமதி கேட்கிறாய். வெளிச்சத்தில் ஆட அவர்களிடம் அல்லவா நீ அனுமதி கேட்க வேண்டும்.

ஆகவே என் பதில் இதுதான். வரவேண்டாம். குழுவையும் விடவேண்டாம். மனுவில் கையெழுத்துப் போடு. நம் மதத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் எழுத வேண்டியதில்லை, அங்கே ஏழு மணிக்கு ஆறிப்போன ரொட்டி தின்கிற ஒவ்வொரு பெண்ணும் உன்னைப் போலவே பசியோடுதான் ஆடுகிறாள். பிறத்தியார் நாட்டில் வாய் திறக்கலாமா என்று பயப்படாதே, நீ ஆடும் தரையில் நீ விருந்தாளி இல்லை. அதுவரைக்கும், மத்தியானச் சாப்பாட்டில் ஒரு பங்கை டப்பாவில் எடுத்து வைத்துக்கொண்டு ஆடுகளத்துக்குப் போகும்முன் நாலரைக்குச் சாப்பிடு. அதற்கும் வழியில்லாத நாளில் ஏழு மணிக்குச் சாப்பிடு. விளக்கைத் தேடி வரும் சின்ன உயிர்கள் சோற்றில் விழுந்து சாகக்கூடாது என்றுதான் இந்த வழக்கம் வந்தது, உன் உயிரும் அதில் சேர்த்திதான். எனக்குத் தெரிய வேண்டாம் என்று மறைக்காதே, அது ஒன்றுதான் என்னால் தாங்க முடியாது. வருகிற சனிக்கிழமை பெரியப்பா வந்து உட்கார்ந்ததும், “வரச்சொல்லி எழுதினியாம்மா?” என்று கேட்பார். கையெழுத்துப் போடச் சொல்லி எழுதினேன் என்று சொல்வேன். முகம் எப்படிப் போகும் என்று தெரியும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன், அவர் மோர் விட்டுக்கொள்ளாமல் எழுந்தாரே, அந்த மனிதரிடம் பேசலாம்.

எனக்குத் துணை வேண்டியிருக்கிறது என்பது உண்மை. அதற்காக உன்னைக் கூப்பிட மாட்டேன், அதையும் உனக்குத் தெரிய வேண்டுமென்றே எழுதுகிறேன். இங்கே நான் தட்டைக் கழுவிக் கவிழ்க்கும்போது அங்கே உனக்கு விடிகிறது. இங்கிருந்து போகிற அதே வெயில்தான் என்று நினைத்துக்கொண்டு கொல்லைப்படியில் கொஞ்ச நேரம் உட்காருவேன். காலைச் சாப்பாட்டையாவது அவசரப்படாமல் சாப்பிடு.

ஆதிநாதர் உன் உடம்புக்கும் வாய்க்கும் பலம் கொடுக்கட்டும். பனியில் காதை மூடிக்கொண்டு போ. லொரெய்னுக்கு என் ஆசீர்வாதம், அவளிடம் தில்லையம்மாளைப் பற்றிச் சொல். எத்தனை மணிக்கு ஆடுகளம் கொடுத்தார்கள் என்பதை அடுத்த கடிதத்தில் முதல் வரியாக எழுது, நலம் விசாரிப்பதெல்லாம் அதற்குப் பிறகு இருக்கட்டும்.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா
ஜீ. குணமாலா