பழைய தொட்டிலும் சிகரெட் நாத்தமும்

ஏஞ்சல் அப்பாவுக்கு,

ஏஞ்சலையும் பேரனையும் ராயப்பேட்டை ஆஸ்பத்திரியிலருந்து கூட்டியாரப் போறேன். நெத்திலிக் கொழம்பு அடுப்பு மேல கீது, சூடு பண்ணிக்க.

வேளச்சேரியில வாங்குன பழைய தொட்டிலுக்கு மறுபடி சாம்பிராணி போடாதய்யா. வாங்கும்போதே அதுல இருந்த சிகரெட் நாத்தத்துக்கு மேல இன்னொரு புகையா? புள்ளைக்கு ஏற்கெனவே மூச்சு எளைக்குது. வினிகர்ல தொடச்சி, சோடா உப்பு தூவி, மூணு நாளா மொட்டை மாடி வெயில்ல வெச்சிருக்கேன். இப்போ தொட்டில்ல ஒரு நாத்தமும் இல்ல.

ஆனா தொட்டிலே இல்லாத நம்ம ரூம்ல இன்னும் நாறுது. சிகரெட்டை விட்டுட்டேன்னு மாதா மேல சத்தியம் பண்ணியே!

பிலோமினா

மாடி சாவி டிவி மேல. நாலு மணிக்குள்ள தொட்டில எறக்கிடு.

உன் சட்டைங்கள தொவச்சி தொட்டில் பக்கத்துலயே காயப் போட்டுக்கீறேன். உன் மேல அந்த நாத்தம் போனப்புறம்தான் புள்ளயத் தூக்கணும்.