இறங்குமுகம்

ஜூலை 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான் பேசினால் அப்பா பேசுகிற மாதிரியே இழுவையாக இருக்கிறது என்று மூன்று வருடமாக நீ என் போனை எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன். அப்பாவை எங்கள் ஆஸ்பத்திரியில்தான் சேர்த்திருக்கிறது. எங்கும் பரவுகிற அதே வைரஸ் காய்ச்சல், மூச்சு வாங்குகிறது.

தினமும் அவர் ரத்தம் லேபில் என் மேசைக்கு வருகிறது. டியூபில் பெயரைப் பார்க்காமல் மிஷினில் வைக்கப் பழகிவிட்டேன். இந்தக் காய்ச்சல் முற்றுமா, தணியுமா என்று லிம்போசைட் என்கிற வெள்ளணுவின் எண்ணிக்கை முன்னாலேயே காட்டிவிடும். முந்தாநாள் 1100, நேற்று 800, இன்று 520. இறங்கிக்கொண்டே இருக்கிறது.

"பெரியவளுக்குச் சொன்னியா?" என்று அப்பா கேட்டார். வா என்று சொல்ல நான் யார்? எண்ணை எழுதிவிட்டேன், நீயே முடிவு செய்.

இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்க்கிறேன். கை ஓய்ந்துபோகிறது.

உன் தங்கை

ஜூலை 7

அடி குட்டி,

காய்ச்சல் என்று படித்ததும் பையை எடுத்துவிட்டேன். இறங்குகிறது என்ற இடத்துக்கு வந்த பிறகுதான் உட்கார்ந்தேன். மாமியாருக்குச் சர்க்கரை இறங்குகிற அன்று எங்கள் வீட்டில் சண்டையே கிடையாது. உங்கள் லேப் பாஷை எனக்கும் கொஞ்சம் புரியும்!

திருத்த மூன்று கட்டு விடைத்தாள் கிடக்கிறது. இருபதாம் தேதி லீவு விட்டதும் வருகிறேன். அப்பாவுக்கு இதைப் படித்துக் காட்டு: "வாசலை மிதிக்காதேன்னீங்க. மிதிக்கத்தான் போறேன். திட்டறதுக்குத் தெம்பு வேணும், ஒழுங்கா சாப்பிடுங்க."

நீயும் நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

ஜூலை 14

அக்கா,

அப்பாவை எடுக்கிற அன்று வந்தாய். என் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டாய்.

இந்த அணு இறங்கக் கூடாது, அக்கா. லேபில் எண்ணுக்குப் பக்கத்தில் கீழ்நோக்கி ஓர் அம்பு போடுவோம். டாக்டருக்கு அது போதும். உனக்கும் போதும் என்று நினைத்துவிட்டேன். அசதியில் இரண்டு சொல்லை மிச்சம் பிடித்திருக்கிறேன்.

ஒன்பதாம் தேதி உன் கடிதம் வந்தபோதுதான் நீ எப்படிப் படித்தாய் என்று தெரிந்தது. அன்று எண் 210. மூன்று தடவை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை.

மதியம் அப்பாவுக்குப் படித்தேன். சிரித்தார், இருமல் வந்தது.

"இருபதுக்கு இன்னும் எத்தனை நாளு?"

"பதினொண்ணுப்பா."

"இருப்பேன்னு எழுதிடு. திட்டமாட்டேன்னும் எழுது."

மறுநாள் காலையில் போய்விட்டார். அவர் சொன்னதை இப்போதுதான் எழுத முடிகிறது.

தங்கை

ஜூலை 20

குட்டி,

இன்று இருபது. லீவு விட்டாயிற்று. பையை எடுத்து வைத்துக்கொண்டு, போக இடம் தெரியாத மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்.

நீ கூப்பிட்ட மூன்று தடவையும் போன் என் கையில்தான் இருந்தது. உன் பெயர் மின்னுவதைப் பார்த்துக்கொண்டே விடைத்தாள் திருத்தினேன். அதை உன்னிடம் சொல்லாமல் உன் முகத்தை எப்படிப் பார்ப்பது?

இது கிடைத்ததும் போன் செய். எடுக்கிறேன். எதையாவது பேசு, லேபைப் பற்றியே பேசு.

இழுத்து இழுத்தே பேசு.

அக்கா