நாலு மணிச் சங்கு

எல்கடுவ
2025.02.03

றிஸ்கானுக்கு,

சுகம் விசாரிக்க இதை எழுதவில்லை. கொலையுண்டு நாலு வருஷமான என் தங்கச்சி மாத்தளை பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறாள். “துஷாந்தினிக்கு நீதி! கொலைகாரனுக்குக் கயிறு!” கீழே உன் கட்சியின் சின்னம். யாரைக் கேட்டு ஒட்டினீர்கள்?

அந்தப் போட்டோ உன் தங்கச்சி மர்வாவின் கல்யாணத்தில் எடுத்தது. மர்வாவை வெட்டிவிட்டீர்கள். ஆனால் துஷாந்தினியின் தோளில் மர்வாவின் கை மட்டும் மருதாணியோடு கிடக்கிறது. ஒழுங்காக வெட்டக்கூடத் தெரியாதவனிடம் வேலையைக் கொடுத்திருக்கிறாய். பஸ்ஸை விட்டு இறங்கிய அம்மா, அந்தச் சுவருக்கு முன்னால் நின்று, போஸ்டரில் தெறித்திருந்த சேற்றை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

போன தேர்தலில் இதே கட்சிதானே மரண தண்டனையை ஒழிப்போம் என்று நோட்டீஸ் அடித்தது? ஏழாம் பக்கம். நீதான் என் கையில் கொடுத்தாய். எப்போது மாறியது?

போன் எடுத்தால் “மீட்டிங்ல இருக்கேன்” என்கிறாய். வட்ஸ்அப்பில் எழுதியதை அழித்துவிடலாம். அதனால்தான் காகிதம். பதிலும் காகிதத்தில் வேண்டும். போஸ்டரைக் கிழி.

சதீஸ்குமார்


மாத்தளை
2025.02.07

அன்புள்ள மச்சான்,

உனக்கும் அம்மாவுக்கும் அல்லாஹ் நல்ல சுகத்தைத் தரட்டும். உன் கடிதத்தை உம்மா வாசித்துவிட்டு, “அந்தப் புள்ள இவ்வளவு கோவப்படுற அளவுக்கு நீ என்னடா செஞ்ச?” என்று என்னைச் சாப்பிடவே விடவில்லை. டெக்னிக்கல் கொலேஜில் ஒரே பெஞ்சில் கரண்ட் வேலை படித்துக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் நாம். உன்னிடம் கேட்காதது என் பிழை. ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் தீர்ப்பு வந்த அன்று கோர்ட் வாசலில் நின்று, “அந்த லெட்சுமணனத் தூக்குல போடுங்க, கயித்த நானே இழுக்கிறேன்” என்று கேமராவுக்கு முன்னால் கத்தியது யார்? அந்த வீடியோவைக் கட்சித் தலைமையகத்தில் எல்லோரும் பார்த்தார்கள். சனம் பயந்துபோய்க் கிடக்கிறது, சனம் கேட்பதைத்தானே கட்சி சொல்ல முடியும்? ஐம்பது வருஷமாக ஒருவரையும் தூக்கில் போடாத நாடு. நாங்கள் ஆட்சிக்கு வந்தால், அப்பீல் முடிந்த தூக்குப் பைல்களில் கையெழுத்து விழும். லெட்சுமணனின் அப்பீல் போன வருஷமே தள்ளுபடி. முதல் பட்டியலிலேயே அவன் இருப்பான்.

16ஆம் திகதி யட்டவத்தையில் கூட்டம். நீ மேடைக்கு வா. ஐந்து நிமிஷம் போதும். சவுண்ட் செட்டை நானே பார்க்கிறேன், நம்மட படிப்பு அதுக்காவது உதவட்டும்.

உன் றிஸ்கான்


எல்கடுவ
2025.02.10

றிஸ்கான்,

ஆமாம், கத்தினேன். அந்த வீடியோவில் கத்துகிறவனுக்கு எதுவும் தெரியாது. இப்போது தெரிந்ததை எழுதுகிறேன். மெதுவாக வாசி.

துஷாந்தினியின் போன், அவள் கிடந்த அதே ஓடையில் விழுந்து செத்தது 2021 மார்ச் 9, மாலை 3.55. அது போன் கம்பனி கொடுத்த நேரம், அதில் சந்தேகமில்லை. லெட்சுமணனை உள்ளே தள்ளியது கொழுந்து பறிக்கும் ராசம்மா அக்காவின் சாட்சி. “நாலு மணிச் சங்கு ஊதுறப்ப அவன் ஓடைப் பாதையில வந்தானுங்க, சட்டையெல்லாம் சேறு.” எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் கடிகாரம் பார்ப்பவர் யார்? தேயிலைப் பெக்டரிச் சங்குதான் மணி. சங்கு ஊதினால் நாலு. பொலிஸும் நாலு என்றே எழுதியது. “நாலேகால் வரைக்கும் என்ட கடையிலதான் இருந்தான்” என்று சொன்ன முத்தலிப் நானாவை ஒருவரும் நம்பவில்லை. நானும்தான்.

அந்தச் சங்கை ஊதுகிறவன் நான்.

போன மாதம் ஜெனரேட்டரின் பழைய சேர்விஸ் திகதி தேடி லொக் புத்தகத்தைப் புரட்டினேன். அந்த நாள் வந்தது. என் கையெழுத்து. “3.50 கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் பெட்டரி டவுன். 4.40 ஸ்டார்ட். சங்கு 4.40.” அன்றைக்கு மழை, மலையில் ஒருவருக்கும் வேலை இல்லை, சங்கு பிந்தியதை யாரும் கவனிக்கவில்லை. எழுதி மூடிவிட்டு வெளியே வந்தேன். தங்கச்சியைக் காணோம் என்று கத்திக்கொண்டு அம்மா ஓடி வந்தாள். அதோடு எல்லாம் மறந்துபோனது.

ராசம்மா அக்கா பொய் சொல்லவில்லை. 4.40க்கு, கடையிலிருந்து வீட்டுக்கு வந்த ஒருவனைத்தான் பார்த்திருக்கிறார். மழையில் அந்தப் பாதையில் வந்தால் உன் சட்டையிலும் சேறுதான்.

அப்படியானால் செய்தது யார்? தெரியாது. ஆள் கிடைத்துவிட்டான் என்று நாலு வருஷமாக ஒரு நாயும் தேடவில்லை. நானும் தேடவில்லை. இந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று சொல்.

லொக் பக்கத்தைக் கொப்பி எடுத்து லெட்சுமணனின் வக்கீலிடம் கொடுத்துவிட்டேன். புது மனுப் போட்டு முடிய மாதக்கணக்காகும் என்கிறார். அதற்குள் உங்கள் ஆட்கள் கையெழுத்து வைத்தால்? வயரைப் பிழையாகக் கொடுத்தால் கழற்றித் திரும்பக் கொடுக்கலாம். கழுத்தை அப்படிச் செய்ய முடியாது. இத்துடன் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். கட்சிக்குக் காட்டு. காட்டிவிட்டு எழுது.

சதீஸ்குமார்


மாத்தளை
2025.02.13

அன்புள்ள மச்சான்,

வாசித்துவிட்டு நேரே கட்சி ஆபீசுக்குப் போனேன். எங்கள் அமைப்பாளரிடம் காட்டினேன். அவரும் வாசித்தார். “தேர்தல் முடியிற வரைக்கும் இது வெளிய வரப்படாது” என்றார்.

நீ கோபப்படுவாய். ஆனால் யோசித்துப் பார். இந்த முறை வேட்பாளர் பட்டியலில் என் பெயர் இருக்கிறது. வாப்பா எத்தனை வருஷம் இவர்களுக்குப் போஸ்டர் ஒட்டினார் என்று உனக்கே தெரியும். நாங்கள் வந்த பிறகு லெட்சுமணனின் பைலை ஓரமாக எடுத்து வைக்கச் சொல்வது என் பொறுப்பு. உள்ளே இருந்தால்தானே சொல்லலாம்?

16ஆம் திகதி கட்டாயம் வா. தங்கச்சியைப் பற்றி மட்டும் பேசு. சங்கைப் பற்றி வேண்டாம். உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

உன் றிஸ்கான்


எல்கடுவ
2025.02.17

றிஸ்கான்,

ஒரு பைலை ஓரமாக வைப்பாய். மற்றப் பைல்களை? அவர்களுக்கு லொக் புத்தகம் எழுதி வைத்தவன் யார்?

நேற்று நீ கூப்பிட்ட மேடைக்கு வந்தேன். கட்டிப்பிடித்தாய். மாலை போட்டாய். “என் தங்கச்சியக் கொன்னது யாருன்னு எனக்குத் தெரியாதுங்க. ஆனா லெட்சுமணன் இல்ல” என்று சொன்னேன். மைக் செத்தது.

மேடை லைட் எரிந்துகொண்டிருந்தது. தலைவரின் நாற்காலிக்குப் பின்னால் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. ஆகவே கரண்ட் போகவில்லை. வயர் கழன்றிருந்தால் ஸ்பீக்கரில் உறுமல் கேட்டிருக்கும், அதுவும் இல்லை. யாரோ அம்ப்ளிபயரில் அந்த ஒரு குமிழை மட்டும் பதமாக இறக்கியிருக்கிறார்கள். படித்தவன் கை. பக்கத்தில் நின்றது நீ.

மிச்சத்தைத் தொண்டையால் கத்தினேன். மூன்று வரிசைக்குக் கேட்டிருக்கும். மூன்றாவது வரிசையில், உங்கள் ஆட்கள் லொறியில் ஏற்றி வந்த கூட்டத்தோடு, ராசம்மா அக்கா இருந்தார். பிறகு என்னிடம் வந்து, “நான் பார்த்தது நாலு மணி இல்லையா தம்பி? நீதானே சங்கு ஊதுன?” என்று கேட்டார். லொக் பக்கத்தை விரித்து, 4.40 என்று நான் எழுதியதை விரலால் காட்டினேன். புதன்கிழமை என்னோடு வக்கீலிடம் வருகிறார்.

திரும்பும் வழியில் பதினேழு போஸ்டரை ஸ்குரூட்ரைவரால் சுரண்டி எடுத்தேன். மிச்சம் உன் வேலை.

ஒரே கேள்வி. குமிழை இறக்கியது நீயா? ஆம், அல்லது இல்லை. வேறு கதை எழுதாதே.

சதீஸ்குமார்


மாத்தளை
2025.03.01

சதீஸ்,

ஆம்.

உறைக்குள் இருப்பது மர்வா கொடுத்துவிட்ட போட்டோ. வெட்டாதது. அதைத் தரும்போது அவளும் இதையேதான் கேட்டாள். அவளுக்கும் இதே பதில்தான்.

றிஸ்கான்