ஞாயிறு கழற்றாத ஹெட்டு

எந்த வண்டியில் ஏறினாலும் முதலில் ஹாரனை அடித்துப் பார்க்கும் என் அன்பு மச்சானுக்கு, ஸலாம்.

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. துரை ஒருவர் சீமைக்குக் கப்பல் ஏறும்போது விற்றுவிட்டுப் போன உங்கள் சிவப்பு இரண்டு சீட்டு கார், குர்லா பட்டறையில் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. மழைக்காலம் முழுக்க அதை ஒரு தரம்கூட ஸ்டார்ட் செய்யவில்லை. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

என் தங்கச்சி ஜைனம்பு உங்களைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து பட்டறைக்குள் காலெடுத்து வைத்ததில்லை. நேற்று தாராவி லேபர் கேம்ப் வீட்டிலிருந்து தனியாக பஸ் ஏறி வந்தாள். தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தாள்.

"காக்கா, இத முழுசா ரேஸ் வண்டியா ஆக்கிருங்க. அவுக ஆசப்பட்டது அதானே. நீங்கதான் வேண்டாம் வேண்டாம்னு தடுத்துக்கிட்டு இருந்தீக" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

அந்தச் சண்டை ஞாபகம் இருக்கிறதா? விண்ட்ஸ்கிரீனைக் கழற்று, பம்பரைக் கழற்று, பக்கத்து சீட்டைத் தூக்கி எறி என்று நின்றீர்கள். "எடை கொறையணும்வே, அப்பத்தான் ஜுஹுல மத்தவனுவளுக்கு ஈடு குடுக்க முடியும்." ஜுஹு விமான ஓடுதளத்தில் கார்ப் பந்தயம் மாதம் ஒரு ஞாயிறுதான். "மிச்ச நாளு சாமான் வாங்க எதுல போவீரு? தலையில சொமந்துட்டு வருவீரோ?" என்று நான் கேட்பேன்.

பொய் சொல்லக்கூடாது, எனக்கும் ஆசை இருந்தது. அதனால்தான் அந்த நடுவழியைக் கண்டுபிடித்தேன். பழைய இரும்புக் கடையில் இன்னொரு ஹெட்டு, அதாவது என்ஜினின் மேல்மூடி, கிடைத்தது. அதன் அடியைச் சீவினேன். விமானப் பெட்ரோல் ஊற்றினால் சீறிக்கொண்டு போகும். சாதா பெட்ரோலில் என்ஜின் தட்டும், நின்று நின்று போனால் கொதிக்கும். பந்தயத்துக்கு முந்தின சாயங்காலம் சீவின ஹெட்டை மாட்டுவது, பந்தயம் முடிந்த சாயங்காலம் கழற்றிப் பழையதைப் போடுவது. "ஒரு நாளு கூத்துக்கு ரெண்டு தடவ இஞ்சினப் பிரிக்கிற ஒரே மிஸ்திரி நம்ம காதர்தான்" என்று தாராவி வரைக்கும் சொல்லிச் சிரித்தீர்கள்.

நீங்கள் கடைசியாக ஓட்டிய அந்த ஞாயிறு இரண்டாவதாக வந்தீர்கள். ஓரத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன். பட்டறைக்குத் திரும்பியதும் நீங்கள் ஸ்பானரை எடுத்தீர்கள். நான்தான் பிடுங்கி வைத்தேன். "இருக்கட்டும் மச்சான், நாளைக்குக் கழத்திக்கலாம். வாரும், ஜைனம்பு ஆக்கி வச்சிருப்பா" என்றேன்.

திங்கள் காலை, பங்க்கில் சாதா பெட்ரோல் போட்டுவிட்டு வந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். உங்களை அந்த வண்டியில்தான் ஏற்றினேன். கை பழகிய வண்டி, வேறொன்றும் தோன்றவில்லை. ரயில்வே கேட் மூடியிருந்தது. நின்ற இடத்திலேயே கொதித்து அணைந்தது. கேட் திறந்தும் கிளம்பவில்லை. பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள்.

"ஹெட்டா?" என்று கேட்டீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் எதுவும் பேசவில்லை. நான் ஆமாம் என்றேனா, இல்லையா? எனக்கே நினைவில்லை மச்சான்.

டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா?" என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் என் கை கிரீஸைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

முழுப் பந்தய வண்டியாக்கியிருந்தால் உங்களை உட்காரவைக்கப் பக்கத்து சீட்டே இருந்திருக்காது, அன்றைக்கு நேராக டாக்ஸிக்குத்தான் ஓடியிருப்பேன். தொடாமலே விட்டிருந்தால் வண்டி போய்ச் சேர்ந்திருக்கும். இரண்டுங்கெட்டானாகச் செய்து வைத்தது நான்.

வண்டி நின்றது ஜைனம்புவுக்குத் தெரியும். ஏன் நின்றது என்று தெரியாது. "பழைய வண்டி, என்ன செய்ய" என்று எனக்கே ஆறுதல் சொல்கிறாள். நேற்று புறப்படும்போது, "அவுகளத் தூக்கிக்கிட்டு டாக்ஸிக்கு ஓடுனது நீங்கதானே காக்கா. ஒங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா?" என்றாள். சொன்னால் அதுவும் போய்விடும். துஆவுக்குக் கையேந்தினாலும் என்ன கேட்பதென்று தெரியவில்லை.

இன்று காலை சீவின ஹெட்டைக் கழற்றினேன். பழையதை மாட்டினேன். பாட்டரி செத்திருந்தது, ஹேண்டில் போட்டுச் சுற்றினேன். இரண்டாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. நின்ற இடத்திலேயே அரை மணி நேரம் ஓடவிட்டேன். கொதிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் அந்த வண்டியிலேயே லேபர் கேம்புக்குப் போகிறேன். சீவின ஹெட்டைச் சாக்கில் சுற்றி எடுத்துப் போய், அவள் முன்னால் வைத்து, எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். வண்டியை என்ன செய்வதென்று அதற்குப் பிறகு அவள் முடிவு செய்யட்டும். என்னை என்ன செய்வதென்றும். இது உங்கள்மேல் சத்தியம்.

உங்கள் மச்சான்,
வெள்ளிக்கிழமை வரைக்குமாவது ஜைனம்புவின் காக்கா,
காதர்