சூனியம் படிக்கிறேன்

அன்புள்ள மகனுக்கு,

நான் நலம். நீயும் மருமகளும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் இந்தச் சண்டையை ஆரம்பிக்கிறேன். நூலக மாடியில் நடக்கும் ஆசியத் தத்துவ அறிமுக வகுப்பிலிருந்து நீ போன் போட்டு எடுக்கச் சொன்ன என் பெயரை, நானே நேரில் போய் மறுபடி எழுதிவிட்டு வந்தேன். அம்மாவுக்கு மனநிலை சரியில்லை என்றாயாமே. கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முப்பது வருஷம் சீருடைத் தையற்கூடத்தில் காலர் தைத்தேன், ஒரு தையல் கோணியதில்லை, இப்போதா புத்தி கோணும்?

எல்லாம் உன் சித்தியின் வேலை. டீ குடிக்க வந்தவள் மேஜைமேல் இருந்த என் நோட்டைப் புரட்டினாள். 'சூனியம் - முதல் பாடம்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பாதி டீயை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பியவள், அக்கா பில்லி சூனியம் கற்கிறாள், மருமகளுக்குத்தான் வைக்கப்போகிறாள் என்று உன் காதில் ஊதிவிட்டாள். நீயும் நம்பினாய், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடே, அது பௌத்தர்கள் சொல்லும் சூனியம். எதுவும் தானாகத் தனியே நிற்பதில்லை, ஒன்றைச் சார்ந்துதான் இன்னொன்று என்கிறார்கள். அப்படியானால் துணியும் நூலும் கழுத்தும் இல்லாமல் காலர் என்று ஒன்று உண்டா என்று வகுப்பில் கேட்டேன். உன் வயதுதான் இருக்கும் அந்த ஆசிரியைக்கு, பலகையில் காலர் படம் போட்டே மீதிப் பாடத்தை நடத்தினாள். எந்த விஷயத்துக்கும் ஒரே பக்கம் கிடையாது என்கிறார்கள் சமணர்கள், உன் சித்தியை அந்த வகுப்பில் சேர்க்க வேண்டும். சீனத்துத் தாவோ வழிக்காரர்கள் தண்ணீர் மாதிரி வளைந்து போகச் சொல்கிறார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை, போதுமான அளவு வளைந்தாயிற்று. கன்பூசிய வழியில் பிள்ளைகள் பெற்றோருக்கு அடங்கி நடக்க வேண்டுமாம். அந்தப் பாடத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன், நிதானமாகப் படி.

அப்பா போன பிறகு வீடு வெறிச்சென்று கிடக்கிறது, எங்களோடு வந்துவிடு என்கிறாய். வெறிச்சென்றுதான் இருக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் செருப்புச் சத்தம் கேட்காமல் அழுதிருக்கிறேன். இப்போது அந்த ஆறு மணிக்கு எனக்கு வகுப்பு. அதைப் பிடுங்க உன்னை விடமாட்டேன். சேர்க்கைப் படிவத்தில் 'பொறுப்பாளர்' என்ற கட்டத்தில் முன்பு உன் பெயரைத்தான் பெருமையாக எழுதியிருந்தேன். அதனால்தான் நீ சொன்னதும் கேள்வி கேட்காமல் என் பெயரை அடித்துவிட்டார்கள். இந்த முறை அங்கே என் பெயரை எழுதினேன்.

குழந்தையின் இருமலை அசட்டையாக விடாதே. சனிக்கிழமை காலை எனக்குத் தேர்வு, போன் செய்யாதே. எல்லோரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
தன் பொறுப்பில் இருக்கும்
உன் அம்மா